சர்வோ ஸ்டெபிலைசர் மக்கர் செய்தால்: கார்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

லேத் பட்டறையோ பனியன் கம்பெனியோ, மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி விட்டு விட்டு 'கிர்ர்... கிர்ர்' என்று முனகிக்கொண்டிருக்கும். லைன் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் இயந்திரங்களுக்கு ஒரே அளவில் கொடுக்கும் சர்வோ ஸ்டெபிலைசர் அதுதான். அதுபாட்டுக்கு ஓடும்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருநாள் சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் இயந்திரம்) 'லோ வோல்டேஜ்' காட்டி நின்றுவிட்டால்தான் கதவைத் திறக்கிறார்கள். திறந்ததும் கண்ணில் படுவது கண்ட்ரோல் கார்டு, அதாவது பெட்டியை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை. 'கார்டு போச்சுங்க' என்று உடனே தீர்ப்பும் வந்துவிடுகிறது.

கோவைப் பக்கம் இந்தப் பெட்டிகளைக் கழற்றி மாட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்: கார்டு உண்மையிலேயே போயிருப்பது குறைவு. பெரும்பாலும் தேய்ந்த பிரஷ், தளர்ந்த நட்டு, இல்லையென்றால் நியூட்ரல். அதனால் இந்த விளக்கத்தில் கார்டு கடைசியில்தான் வரும். பட்டறைகளில் சாதாரணமாகப் பார்க்கும் 30 கேவிஏ, மூன்று பேஸ், காற்றில் குளிரும் வகையை வைத்துச் சொல்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

வட்டமான இரும்பு உள்ளகத்தின் மேல் செம்புக் கம்பி சுற்றி, அதன்மேல் ஒரு கை நகர்கிறதே, அதுதான் வேரியாக். நம் ஊரில் 'டிம்மர்' என்றால்தான் கடையில் புரியும். கையின் நுனியில் கார்பன் பிரஷ் இருக்கும். கையைச் சுழற்றுவது ஒரு சின்ன மோட்டார். கார்டு அவுட்புட் வோல்டேஜைப் பார்த்து, குறைந்தால் ஒரு பக்கமும் கூடினால் மறுபக்கமும் மோட்டாரை ஓட்டும்.

டிம்மர் முழு லோடையும் சுமப்பதில்லை. அது பக்-பூஸ்ட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரிக்குக் கரண்ட் கொடுக்கிறது. அந்த டிரான்ஸ்பார்மரின் செகண்டரி, லைனோடு தொடராக இணைந்து, குறைகிற வோல்டேஜைக் கூட்டும், கூடுவதைக் கழிக்கும். 340 வோல்ட் வந்தால் 415 ஆக்க வேண்டியது 75 வோல்ட்தான். அந்த வித்தியாசத்துக்கான சுமை மட்டும் டிம்மருக்கு. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. சிறிய டிம்மரை வைத்துப் பெரிய லோடை ஓட்டும் சூட்சுமம் இது. வில்லங்கமும் இதிலேயே இருக்கிறது, பிரஷ்ஷைப் பார்க்கும்போது சொல்கிறேன்.

முதலில் பாதுகாப்பு

ஸ்டெபிலைசரின் சொந்த சுவிட்சை அணைத்தால் போதாது. பைபாஸில் (ஸ்டெபிலைசரைத் தாண்டி லைனை நேராக லோடுக்கு விடும் வழி) போட்டாலும் போதாது, உள்ளே இன்புட் டெர்மினலில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். மேலே மெயின் போர்டில் இருக்கும் பிரேக்கரை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்ட வசதி இல்லையா, ஒரு ஆளை அங்கேயே நிறுத்துங்கள். மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள்.

பிறகு மீட்டரால் மூன்று பேஸையும் பாருங்கள்: பேஸுக்குப் பேஸ், பேஸுக்கு நியூட்ரல், பேஸுக்கு எர்த். அதற்கு முன்பும் பின்பும் கரண்ட் இருக்கும் ஒரு இடத்தில் வைத்து, மீட்டர் ஒழுங்காகக் காட்டுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாக்கெட் டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பிக் கை வைக்காதீர்கள். கெப்பாசிட்டர்கள் இறங்க ஐந்து நிமிடம் விட்டு, அதன்பிறகு உள்ளே கை விடலாம்.

படி 1: திறக்கும் முன் அளவெடுங்கள்

இது மெயினை இறக்குவதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும்போதே, கரண்டோடு எடுக்கும் அளவு. பழகியவர் எடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளுங்கள். இன்புட்டிலும் அவுட்புட்டிலும் ஒவ்வொரு பேஸையும் நியூட்ரலோடு வைத்து அளக்க வேண்டும். அவுட்புட் 415 என்றால் பேஸுக்கு 240 வரும். கிளாம்ப் மீட்டரால் மூன்று பேஸ் ஆம்பியரையும் எடுங்கள்.

இந்த ஒரு தாளிலேயே பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும். உங்கள் பெட்டியின் தகட்டில் இன்புட் 340 முதல் 480 வரை என்று அடித்திருக்கிறது, லைனில் வருவதோ 320 என்று வையுங்கள். கை கடைசிவரை போய் லிமிட் சுவிட்சில் முட்டி நிற்கும், அவுட்புட்டும் குறைவாகத்தான் இருக்கும். இது பெட்டியின் தப்பில்லை.

ஆம்பியரையும் கணக்குப் போடுங்கள். 30 கேவிஏக்கு அவுட்புட்டில் பேஸுக்குச் சுமார் 42 ஆம்பியர். அதே லோடு, இன்புட் 340க்கு இறங்கியிருக்கும்போது உள்ளே இழுப்பது 51 ஆம்பியர். அவுட்புட் கணக்கில் கேபிளும் பிரேக்கரும் போட்ட பட்டறைகளில், கோடையில் லோ வோல்டேஜ் வரும் நேரமாகப் பார்த்து இன்புட் பிரேக்கர் விழுவது இதனால்தான்.

படி 2: நட்டும் லக்கும்

மெயினை அணைத்துப் பூட்டியபின் ஒவ்வொரு கேபிள் நுனியையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். லக் (கேபிள் நுனியில் அடித்திருக்கும் உலோக முனை) நிறம் மாறியிருந்தால், பக்கத்து இன்சுலேஷன் மொறுமொறுவென்று ஆகியிருந்தால், இறுக்கினால் மட்டும் தீராது. வெட்டிப் புது லக் அடிக்க வேண்டும். அலுமினியக் கேபிளுக்குச் செம்பு லக் அடித்திருந்தால் அதை மாற்றி, இரண்டுக்கும் பொதுவான பைமெட்டல் லக் போடுங்கள்.

நியூட்ரலுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒவ்வொரு பேஸுக்கும் தனி மோட்டார் இருக்கும் பெட்டியில், மூன்று கார்டுகளும் நியூட்ரலை வைத்துத்தான் வோல்டேஜைப் பார்க்கின்றன. நியூட்ரல் தளர்ந்தால் மூன்றும் ஆளுக்கொரு பக்கம் ஓடும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: இன்புட்டில் பேஸுக்குப் பேஸ் மூன்றும் 400க்குப் பக்கத்தில் ஒழுங்காக இருக்க, நியூட்ரலோடு வைத்தால் மட்டும் 170, 290, 240 என்று சிதறினால் அது நியூட்ரல்தான். அப்படிக் கண்டால் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். 290 போகும் பேஸில் இருக்கும் டியூப் லைட்டும் கம்ப்யூட்டரும் எரிந்துபோகலாம்.

படி 3: பிரஷ்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

பிரஷ் டிம்மர் கம்பியைச் சரியாகத் தொடாவிட்டால் பக்-பூஸ்ட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரி திறந்துபோகிறது. செகண்டரியில் லோடு கரண்ட் ஓடிக்கொண்டே இருப்பதால் அது லைனில் மாட்டிய சோக் மாதிரி ஆகிவிடும்: அவுட்புட் சரியும், பிரைமரி முனையில் வோல்டேஜ் எகிறும், பிரஷ்ஷில் பொறி பறக்கும், கம்பி கருகும். லோடு இல்லாதபோது 415 காட்டி, இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் ஒரு பேஸ் மட்டும் சரிகிறதா? முதல் சந்தேகம் பிரஷ் மேல்தான் இருக்கட்டும்.

ஒரு பட்டறையில் இதே அறிகுறிக்கு இரண்டு தடவை கார்டு மாற்றியிருந்தார்கள். நான் போனபோது மூன்றாவது கார்டு மேஜைமேல் தயாராக இருந்தது. பிரஷ்ஷை விரலால் அழுத்தினால் திரும்பி வரவே இல்லை. சூட்டில் ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. ஸ்பிரிங்கும் பிரஷ்ஷும் மாற்றியதோடு முடிந்தது. அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் முதலாளி ரொம்ப அலைந்தார்.

பார்க்கும் முறை இது. கையிலிருந்து பிரஷ்ஷை வெளியே எடுங்கள். புதிய பிரஷ்ஷில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் என்றால் மாற்றிவிடுங்கள். விளிம்பு உடைந்திருந்தாலும், முகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தாலும் அப்படியே. ஸ்பிரிங் இழுவையை மற்ற பேஸ்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது அந்த டிம்மருக்கு உரிய பிரஷ்ஷையே கேட்டு வாங்குங்கள். மோட்டார் பிரஷ்ஷை அரத்தில் தேய்த்து மாட்டும் பழக்கம் இருக்கிறது, அது தப்பு. பிரஷ் எப்போதும் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளை ஒன்றாகத் தொட்டபடிதான் நிற்கும். அந்தச் சுற்றுகளுக்குள் கரண்ட் சுழலாமல் தடுப்பது பிரஷ்ஷின் மின்தடைதான். செம்பு கலந்த பிரஷ் போட்டால் தடை குறைந்து, சுற்றுகள் தமக்குள்ளேயே ஷார்ட் ஆன மாதிரி சூடாகும்.

அடுத்து, பிரஷ் ஓடும் தடம். பளபளப்பான செம்பு நிறமோ லேசான பழுப்போ இருந்தால் நல்லது. கருப்புத் திட்டு இருந்தால் நைசான உப்புத்தாளால் (கிளாஸ் பேப்பர்) தடத்தோடு மெதுவாகத் தேய்க்கலாம். எமரித்தாள் வேண்டாம், அதன் தூள் கரண்ட் கடத்தும், சுற்றுகளுக்கு இடையில் போய் உட்கார்ந்துகொள்ளும். கம்பி உருகிப் பள்ளம் விழுந்திருந்தால் தேய்ப்பது வீண், டிம்மரைத் திரும்பச் சுற்றக் கொடுக்க வேண்டியதுதான். தூளை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷாலும் வேக்குவத்தாலும் எடுங்கள். கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், கார்பன் தூளை இன்னும் உள்ளே தள்ளிவிடும். தடத்தில் கிரீஸ், எண்ணெய் எதுவும் கூடாது.

வோல்டேஜ் பெரிதாக மாறாத இடங்களில் கை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று, அங்கே மட்டும் கருகும். அதனால் மாதம் ஒருமுறை லோடை எடுத்துவிட்டு, ஆட்டோ-மேனுவல் சுவிட்சை மேனுவலில் போட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நாலைந்து தடவை ஓட்டுங்கள். பனியன் கம்பெனியில் பஞ்சும் பிரிண்டிங் பிரஸ்ஸில் காகிதத் தூளும் டிம்மர்மேல் படியும், பொறி பட்டால் தீப்பிடிக்கும். அங்கெல்லாம் மாதாமாதம் சுத்தம் செய்தே ஆகவேண்டும்.

படி 4: மோட்டாரா, கார்டா?

ஆட்டோ-மேனுவல் சுவிட்சே இதற்குப் பதில் சொல்லும். இந்தச் சோதனைக்கு மெயினைத் திரும்பப் போட வேண்டும், உள்ளே எதையும் தொடும் முன் மறுபடி அணைத்துப் பூட்டுங்கள். மேனுவலில் போட்டுக் கூட்டும் பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான பெட்டிகளில் அந்தப் பட்டன் கார்டைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகிறது.

மேனுவலிலும் ஓடவில்லை என்றால் கார்டை விட்டுவிடுங்கள். மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை, அல்லது தள்ளிவிட்ட பக்கமெல்லாம் சுற்றுகிறது என்றால் அதன் கெப்பாசிட்டரை மாற்றிப் பாருங்கள். சத்தமே இல்லை என்றால் லிமிட் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மோட்டார் சுற்றுகிறது, கை நகரவில்லை என்றால் ஷாப்டில் இருக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. நான் ஆரம்பத்தில் இதைக் கண்டுபிடிக்க அரைநாள் செலவழித்திருக்கிறேன்.

மேனுவலில் ஓடி ஆட்டோவில் ஓடாவிட்டால், சரி, இப்போது கார்டு பக்கம் போகலாம். அங்கேயும் முதலில் கார்டுக்கு வரும் ஃபியூஸ், கனெக்டர், வோல்டேஜைக் காட்டும் சென்சிங் ஒயர். அவுட்புட் தானாக உச்சிக்குப் போய் நின்றால் சென்சிங் ஒயர் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். வோல்டேஜே இல்லை என்று கார்டு நினைத்துக் கூட்டிக்கொண்டே போகும். அப்போது ஹை கட்-ஆஃப் வேலை செய்து லோடைத் துண்டித்திருக்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் அதையும் சரிபார்க்காமல் திரும்ப லோடு கொடுக்காதீர்கள்.

கை ஓயாமல் முன்னும் பின்னும் நடுங்கினால் கார்டில் இருக்கும் சென்சிட்டிவிட்டி பிரிசெட்டை (எவ்வளவு சின்ன மாற்றத்துக்குக் கை நகர வேண்டும் என்று வைக்கும் திருகு) கொஞ்சம் தளர்த்துங்கள். தகட்டில் கூடக்குறைய 1 சதவீதம் என்று போட்டிருப்பதற்காக அதைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. பெரும்பாலான சிஎன்சிகள் 10 சதவீத ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். 2 சதவீதத்தில் வைத்தால் பிரஷ் கூடுதல் நாள் வரும்.

பக்கத்தில் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் மட்டும் சிஎன்சி நிற்கிறது என்றால் ஸ்டெபிலைசரைத் திட்டிப் பயனில்லை. பெட்டிக்குள் இருக்கும் சின்ன மோட்டார் கையைத் தள்ளித் திருத்தும் வேகம் வினாடிக்குச் சில பத்து வோல்ட்தான். கண் இமைக்கும் நேரத்துச் சரிவை அதனால் பிடிக்க முடியாது.

படி 5: மெகர்

மழைக்காலத்துக்குப் பிறகோ, நாள் கணக்கில் மூடிக் கிடந்த பிறகோ 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) சுற்றுக்கும் எர்த்துக்கும் இடையே அளவெடுங்கள். கார்டு, மீட்டர், சர்ஜ் அரெஸ்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான். மறந்தால் நல்ல கார்டையும் நீங்களே எரித்துவிடுவீர்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் கரண்ட் கொடுக்காதீர்கள், உலர்த்திவிட்டுத் திரும்ப அளவெடுங்கள். நல்ல நிலையில் பத்துக் கணக்கில் காட்டும்.

படி 6: திரும்ப ஓட்டுவது

உள்ளே ஸ்பேனர், நட்டு, துணி எதுவும் கிடக்கிறதா என்று பாருங்கள். லோடு பிரேக்கரை அணைத்தபடியே ஸ்டெபிலைசரை மட்டும் போட்டு, மேனுவலில் ஒரு முறை முழுக்க ஓட்டி, ஆட்டோவுக்கு மாற்றுங்கள். மூன்று பேஸும் 240க்கு வந்து நின்றபின் சிறிய இயந்திரம் முதலில், சிஎன்சி கடைசியில்.

லோடு ஏறியதும் தள்ளி நின்று பிரஷ்களைப் பாருங்கள். கை நகரும்போது ஊசிமுனை அளவு பொறி தெரிந்தால் கவலை இல்லை. கை அசையாமல் நிற்கும்போதும் நீலப் பொறி விடாமல் வந்தால் அணைத்துவிட்டுப் படி 3க்குத் திரும்புங்கள். ஒரு மணி நேரம் கழித்து டெம்பரேச்சர் கன்னால் மூன்று பேஸ் லக்குகளையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அதை இன்றே கவனிக்க வேண்டும். படி 1இல் எடுத்த அளவுகளைப் போலவே புதிதாக எடுத்து, தேதியும் பிரஷ் நீளமும் சேர்த்து எழுதி, கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை திறப்பவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.