பேரூர்: நொய்யல் கரையை நடந்து அறியும் முறை

கோயம்புத்தூரின் மையப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் மேற்கே, சிறுவாணிச் சாலையில் இருக்கும் பேரூருக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கோயிலோடு திரும்பிவிடுகின்றனர். தண்ணீர் போகும் வழியே நடந்து பார்ப்பவருக்குத்தான் இந்த ஊரின் அமைப்பு விளங்கும்.

முதலில் பருவத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். நொய்யல், வெள்ளியங்கிரி மலையில் பெய்யும் மழையை நம்பிய ஆறு. ஆகவே தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஆடியிலோ, வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசியிலோ வருவது நல்லது. கோடையில் பெரும்பாலும் வறண்ட மணலும் கழிவுநீரும்தான் கண்ணில் படும். ஆடிப்பெருக்கு, அமாவாசை நாள்களின் நெரிசல் முதல்முறை வருபவருக்கு ஏற்றதன்று.

காந்திபுரத்திலோ உக்கடத்திலோ டவுன் பஸ் ஏறி, வெயில் ஏறுமுன் பேரூரில் இறங்குங்கள்.

அடுத்து, பட்டீசுவரர் கோயில். 17ஆம் நூற்றாண்டில் அளகாத்ரி நாயக்கர் எழுப்பிய கனகசபை எனும் நடராசர் மண்டபத்தின் தூண்களுக்குச் சற்று அதிக நேரம் ஒதுக்குங்கள். சிவன் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவச் சிற்பம் ஒன்றுக்காகவே மறுமுறையும் வரலாம் என்பது என் எண்ணம். பின்னர், தலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இறவாப் பனையையும் பிறவாப் புளியையும் கேட்டறிந்து பாருங்கள். சுந்தரருக்கு மறைந்து இறைவன் வயலில் நாற்று நட்டதாகச் சொல்லும் புராணக் கதையை ஒட்டி, ஆனி மாதத்தில் இங்கே நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. நெல்வயல் சூழ்ந்த ஆற்றங்கரையில்தான் அப்படியொரு கதை முளைக்க முடியும்.

அங்கிருந்து படித்துறைக்குச் செல்லுங்கள். நீத்தார் கடன் செய்வோர் அமர்ந்திருக்கும் இடம் என்பதால், கைப்பேசியைப் பையில் வைத்துவிடுவதே முறை.

இனி ஆற்றின் போக்குக்கு எதிராக, மேற்கு நோக்கி நடக்க வேண்டும். தென்னையும் பாக்கும் வாழையும் நிற்கும் தோப்புகளின் பசுமைக்கு ஆறு மட்டுமே காரணமன்று: நொய்யலின் குறுக்கே கட்டிய அணைக்கட்டுகள் வெள்ளத்தை வாய்க்கால்களில் திருப்பி, அடுத்தடுத்த குளங்களை நிரப்ப, அக்குளங்கள் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுக்கின்றன. தோப்புகள் தனியார் நிலம் என்பதால், “ஏனுங்க, இப்படிக்கா போலாமுங்களா?” என்று கேட்டுவிட்டு நடங்கள், பெரும்பாலும் வழியோடு இளநீரும் கிடைக்கும்.

கடைசியாகப் பேரூர் பெரியகுளம். தன்னார்வலர்கள் மரம் நட்டு வளர்த்த கரையின் நிழலில் நின்று, நீர்க்காகம், நாமக்கோழி, மீன்கொத்தி ஆகியவற்றைத் தேடுங்கள். மழைக்காலத்தில் கரைச்சரிவு வழுக்கும் என்பதால், தண்ணீரில் இறங்காமல் மேட்டிலிருந்தே பாருங்கள்.