வளர்ச்சித் திட்டத்தில் இயக்குநர் குழு கோட்டை விடும் இடங்கள்

புதிதாகச் சுயேச்சை இயக்குநர் (நிர்வாகத்தையோ நிறுவனரையோ சாராத குழு உறுப்பினர்) பொறுப்பேற்பவர்களுக்குச் சில ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். கையொப்பம், கோரம் (கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச வருகை), காலக்கெடு போன்றவற்றைக் கம்பெனிச் செயலர் கவனித்துக்கொள்வார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். வளர்ச்சித் திட்டம் மேசைக்கு வரும்போது நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுத நேர்ந்தது.

முடிந்துபோன திட்டத்துக்கு ஒப்புதல் தருவது

நான் முதன்முதலில் அமர்ந்த குழுவில், இரண்டாவது ஆலைக்கான திட்டம் கூட்டத்துக்கு முந்தைய இரவுதான் கைக்கு வந்தது. நிலத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. வங்கியிலும் பேசி முடித்திருந்தார்கள். "உங்கள் ஆலோசனை தேவை சார்" என்றார் நிர்வாக இயக்குநர். வட்டி விகிதத்தைப் பற்றி ஒரு மணி நேரம் கேள்வி கேட்ட நாங்கள், விற்பனையில் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும்போது இன்னோர் ஆலை எதற்கு என்று கேட்கவில்லை. அந்த வாடிக்கையாளர் கொள்முதலைக் குறைத்தபின் ஆலை பாதித் திறனில் ஓடியது. வட்டி மட்டும் முழுத் திறனில் ஓடியது. அன்றைய மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) உள்ள 'ஒருமனதாக' என்ற சொல் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

தொழிலைப் பன்முகப்படுத்துவதையும் வேறு நிறுவனத்தைக் கையகப்படுத்துவதையும் குழுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றியே செய்ய வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 179ஆம் பிரிவு. ஆனால் மாற்று வழிகள் கழித்துக்கட்டப்படுவது தீர்மானத்துக்குப் பல மாதங்கள் முன்பே என்பதால், அந்தக் கட்டத்திலேயே குழு உள்ளே இருக்க வேண்டும். பட்ஜெட்டுக்கு முன் ஒரு முழு நாள் தனி அமர்வு கேளுங்கள். கைவிடப்பட்ட வழிகள் எவை, எந்த அனுமானம் பொய்த்தால் திட்டம் சரியும் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

2008 டிசம்பர் 16 அன்று சத்யம் நிறுவனத்தின் குழு, நிறுவனர் குடும்பத்துடன் தொடர்புடைய இரண்டு மேடாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. மென்பொருள் நிறுவனம் கட்டுமானத்தில் இறங்குவதற்குச் சொல்லப்பட்ட காரணமும் பன்முகப்படுத்தல்தான். முதலீட்டாளர்களின் எதிர்ப்பால் சில மணி நேரத்திலேயே அது கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று வெளியான தலைவரின் கடிதம், கணக்கிலிருந்த போலிச் சொத்துகளின் இடத்தை உண்மையான சொத்துகளால் நிரப்புவதற்கான கடைசி முயற்சியே அது என்று ஒப்புக்கொண்டது. பேராசிரியர்களும் முன்னாள் உயரதிகாரியும் அமர்ந்திருந்த குழு அது என்பதைப் பயிற்சியில் சொல்லும்போதெல்லாம் அறை சற்று அமைதியாகிவிடும்.

நிர்வாகத்தின் வேலையைச் செய்வது

விற்பனை மேலாளரை நேரடியாகத் தொலைபேசியில் அழைக்காதீர்கள்; அவரை வழிநடத்துவது நிர்வாகத்தின் வேலை.

தனிக் கூட்டத்தைச் சடங்காக்குவது

நிர்வாகத்தினர் இல்லாமல் சுயேச்சை இயக்குநர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அதைத் தேநீர் இடைவேளையில் முடிக்காதீர்கள்.

திரும்பிப் பார்க்காதது

ஆண்டுக்கு 4 கூட்டங்கள், இரண்டுக்கும் நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது என்பது விதி. ஒவ்வொரு கூட்டத்திலும், முன்பு ஒப்புதல் பெற்ற திட்டத்தின் கணிப்பையும் இன்றைய நிலவரத்தையும் ஒரே தாளில் அருகருகே வைக்கச் சொல்லுங்கள். அது நிகழ்ச்சி நிரலின் தொடக்கத்திலேயே இடம்பெறட்டும். கடைசியில் வைத்தால், பாதிப் பேரின் கண் அதற்குள் விமான நேரத்துக்குப் போயிருக்கும்.