டீசல் மாதிரி எடுக்கும் பம்பு காற்று இழுக்கிறதா? பேண்டில் வாசித்தவன் சொல்லும் வழி

தொட்டியிலிருந்து சோதனைக்கு டீசல் மாதிரி (சாம்பிள்) எடுக்கிற கைப்பம்பு இரண்டு விதமாகப் படுத்தும். ஒன்று, மூட்டில் டீசல் சொட்டும். துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தால் எங்கே ஈரம் கசிகிறது என்று தெரிந்துவிடும், அந்த இடத்து வாஷரையோ ஓ-ரிங்கையோ (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்றினால் வேலை முடிந்தது. இன்னொன்று, வெளியே ஒரு சொட்டும் வராது, ஆனால் எவ்வளவு இழுத்தாலும் டீசல் பாதி டியூப் வரை ஏறி நின்றுவிடும், இல்லையென்றால் குமிழி குமிழியாக வந்து பாட்டில் நிறையவே நிறையாது. அங்கே எங்கேயோ வெளிக்காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். இந்தப் பதிவு அந்த இரண்டாவது கோளாறுக்குத்தான்.

நான் சொல்வது, கீழே பாட்டிலை மரையில் திருகி, மேலே நட்டு வழியாக டியூபை நுழைத்து, கைப்பிடியை இழுத்து வேக்குவம் உண்டாக்குகிற சாதாரணப் பம்பு. இஞ்சின் ஆயில் மாதிரி எடுப்பதும் இதில்தான். எப்படித் திருகுவது, எப்படி நுழைப்பது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

பெட்ரோலுக்கு மட்டும் இதைத் தொடாதீர்கள். டீசலின் ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது அதன் ஆவி தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை, 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய டீசல் தரமான ஈ.என். 590. பெட்ரோலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 40 டிகிரி. பிளாஸ்டிக் டியூபில் எரிபொருள் ஓடும்போது நிலைமின்சாரம் வேறு சேரும். போதாததற்கு வேக்குவத்தில் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், மிஞ்சுவதைச் சரியான சாம்பிள் என்று சொல்ல முடியாது.

கசிவு எங்கே என்று பாருங்கள், கடைக்குப் பிறகு போகலாம்

ஓ-ரிங் பெட்டி ஒன்றை வாங்கி வந்து இருக்கிற எல்லா ரிங்கையும் மாற்றிவிடுவது பலருக்கும் பழக்கம். எனக்கு அது பிடிக்காது. கோளாறு டியூபில் இருந்தால் ரிங் மாற்றி என்ன பயன்?

பள்ளி பேண்டில் நான் கிளாரினெட் வாசித்தேன். மேல்துண்டைத் தனியாகக் கழற்றி, விரல்களால் துளைகளை அடைத்து, கீழ்முனையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வாயால் உறிஞ்சிப் பார்க்கச் சொல்லித் தந்திருந்தார்கள். பேட் (துளைகளை மூடும் சின்ன மெத்தை) எல்லாம் சரியாக உட்கார்ந்திருந்தால் உறிஞ்சிய பிடிப்பு சில விநாடிகள் நிற்கும், கையை எடுத்தால் 'பொப்' என்று ஒரு சத்தம் வரும். பிடிப்பு உடனே போய்விட்டால் ஏதோ ஒரு பேட் சரியில்லை. அப்புறம் சிகரெட் காகிதத்தை மெல்லிய பட்டையாக வெட்டி ஒவ்வொரு பேடுக்கும் அடியில் வைத்து மெதுவாக இழுப்போம், பிடிப்பில்லாமல் வழுக்கி வருகிற பேட்தான் குற்றவாளி. டிரம்பெட்காரர்களுக்கு இன்னும் சுலபம். தண்ணீர் வெளியேற்றும் துளையை மூடுகிற சாவியின் தக்கை தேய்ந்து ஸ்வரம் கரகரத்தால், வாசித்துக்கொண்டே அந்தச் சாவியின் தக்கை முனையை ஒரு விரலால் துளைமேல் அழுத்துவார்கள். ஸ்வரம் தெளிந்தால் கசிவு அங்கேதான்.

(அந்தத் தண்ணீரை முன்வரிசையில் இருந்த எங்கள் காலடியில்தான் கொட்டுவார்கள். எச்சில் என்று முகம் சுளிப்போம். உண்மையில் பெரும்பாலும் அது மூச்சில் இருக்கும் ஈரம் குளிர்ந்த பித்தளையில் பட்டு நீரானது. டீசல் தொட்டிக்குள் தண்ணீர் சேர்வதற்கும் இப்படிக் காற்றின் ஈரம் குளிர்வது ஒரு காரணம். டீசலை விட தண்ணீர் கனம் என்பதால் அடியில் போய்த் தங்கும், அதனால்தான் தண்ணீர் தேடும்போது டியூப் முனை அடிமட்டத்துக்குப் போக வேண்டும்.)

பம்பிலும் இதே சோதனைதான், ஆனால் வாயை வைக்காதீர்கள். பழக்கதோஷத்தில் டியூபை உறிஞ்சிப் பார்க்கத் தோன்றும், எரிபொருள் பட்ட எதிலும் அது வேண்டாம். டீசல் நுரையீரலுக்குள் போனால் விளையாட்டில்லை. உறிஞ்சும் வேலைக்குப் பம்பின் கைப்பிடியே இருக்கிறது.

டியூபைக் கழற்றிவிட்டுக் காலி பாட்டிலைத் திருகி, டியூப் நுழையும் துளையில் டியூபின் வெளிவிட்டமே உள்ள வழவழப்பான கம்பித் துண்டைச் செருகி நட்டை இறுக்குங்கள். நாலைந்து தடவை இழுங்கள். பம்பு நன்றாக இருந்தால் கைப்பிடி வரவரக் கனக்கும், மெல்லிய பாட்டிலாக இருந்தால் வயிறு ஒட்டும். இழுப்பதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாட்டில் ஒட்டியபடியே நின்றால் பம்பும் பாட்டில் மரையும் சுத்தம், சந்தேகம் டியூப் பக்கம் போகிறது. மெதுவாகப் பழைய வடிவத்துக்கு வந்தால் எங்கேயோ காற்று நுழைகிறது. ஆரம்பத்திலிருந்தே கைப்பிடி கனக்கவில்லை என்றால் பிஸ்டன் வாஷர் காய்ந்திருக்கும், அல்லது வால்வில் தூசி உட்கார்ந்திருக்கும். கழற்றித் துடைத்து, வாஷருக்கு ஒரு சொட்டு லேசான எண்ணெய் விடுங்கள்.

காற்று நுழைகிறது என்று தெரிந்துவிட்டால் டிரம்பெட்காரர் வேலையைச் செய்யுங்கள். மறுபடி வேக்குவம் ஏற்றி, கையுறை போட்ட விரலால் பாட்டில் கழுத்தைச் சுற்றி அழுத்திப் பிடியுங்கள், அடுத்து மேல் நட்டை. எதைப் பிடித்தபோது வேக்குவம் அதிக நேரம் நின்றதோ அதுதான் இடம். சோப்பு நுரை இதற்கு உதவாது, காற்று வெளியே வந்தால்தானே குமிழி வரும். இங்கே நுரைதான் உள்ளே போகும், மாதிரியும் கெடும்.

மேல் நட்டு: நேரம் தின்னும் இடம்

டியூபைச் சுற்றி ஒரு ஓ-ரிங், அதை அமுக்க ஒரு நட்டு, இவ்வளவுதான் அமைப்பு. ஆனாலும் என் பம்பில் புது ரிங் போட்டும் காற்று நிற்கவில்லை, நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அதே கதை.

காரணம் டியூப். பம்புத் தலை கால் அங்குல டியூபுக்குச் செய்தது, அதாவது வெளிவிட்டம் 6.35 மில்லிமீட்டர். கிடைத்தது 6 மில்லிமீட்டர் டியூப். 0.35 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கையில் நுழைத்தாலும் கொஞ்சம் இறுக்கமாகவே இருந்தது, ஆனால் வேக்குவத்துக்கு அது திறந்த கதவு. டியூபை வெர்னியர் காலிப்பரால் அளக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். பெரிய அளவுத் தலைக்கும் இதே சிக்கல் உண்டு, 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் டியூப் அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். கால் அங்குலத்துக்கு 6 பொருந்தாது.

ரிங் வாங்கும்போதும் பழைய ரிங்கை அளந்து வாங்காதீர்கள். அது நாள்பட அமுங்கித் தட்டையாகியிருக்கும், அளவு குறைவாகவே காட்டும். ரிங் உட்காரும் பள்ளத்தை அளங்கள். அங்குல வரிசையில் 1.78 மில்லிமீட்டர் கனமும் மெட்ரிக்கில் 2 மில்லிமீட்டர் கனமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், கலந்துவிடாதீர்கள்.

எந்த ரப்பர்? சாதாரண டீசலுக்கு நைட்ரைல் போதும். பயோடீசல் கலவை அதிகம் என்றால் 'விட்டான்' (Viton) என்கிற ஃபுளோரின் ரப்பர். ஈ.பி.டி.எம். ரப்பர் தண்ணீருக்கும் பிரேக் திரவத்துக்கும் நல்லது, டீசலில் போட்டால் ஊறி உப்பிவிடும். பழுப்பு நிறம் என்றால் விட்டான், கறுப்பு என்றால் நைட்ரைல் என்று நிறத்தை வைத்துச் சொல்வதை நம்ப வேண்டாம், உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

பழைய ரிங்கை எடுக்க ஸ்குரூடிரைவர் வேண்டவே வேண்டாம். பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் அப்புறம் எந்த ரிங்கும் நிற்காது. பல்குத்தும் குச்சி, அல்லது முனை மழுங்கிய பிளாஸ்டிக் கொக்கி. ரிங்குக்குப் பூசுவதற்கும் கைக்குக் கிடைத்ததை எடுக்காதீர்கள். கிளாரினெட் மூட்டுத் தக்கைக்கு கிரீஸ் தடவிய கைக்கு இங்கேயும் தடவத் தோன்றும். சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் மாதிரியில் கலந்தாலும் சோதனைக்கூட அறிக்கையில் மண்தூசியின் அடையாளமான சிலிக்கான் ஏறிவிடும், தூசி புகுந்துவிட்டது என்று நீங்கள் ஏர் ஃபில்டரைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். எடுக்கப்போகும் டீசலிலேயே ஒரு சொட்டு தடவினால் போதும். டேப்பும் சுற்றாதீர்கள், நூல் நூலாகப் பிய்ந்து வால்வில் மாட்டும்.

டியூப் முனையைக் கத்தரிக்கோலால் வெட்டினால் நசுங்கும், அந்த நசுங்கல் நுழையும்போது ரிங்கைக் கிழிக்கும். கூர்மையான பிளேடால் நேராக வெட்டுங்கள். நட்டைக் கையால் மட்டும் இறுக்கி டியூபை லேசாக இழுத்துப் பாருங்கள். காகிதப் பட்டையை இழுத்தபோது பேட் பிடித்ததே, அந்த மாதிரி ஒரே சீரான பிடிப்பு தெரிய வேண்டும். இடுக்கி போட்டு இறுக்கினால் டியூப் உள்ளே ஒடுங்கி டீசல் ஏறவே சிரமப்படும்.

பிறகு சேர்த்தது

எல்லாம் சரிசெய்த பிறகும் சில நாளில் பம்பு மறுபடி வேக்குவம் பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்டுப் பார்த்ததில் பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி, பம்பையும் சாய்த்துப் பிடித்திருக்கிறார். டீசல் பம்புக்குள் ஏறி வாஷரைக் கெடுத்துவிட்டது. முக்கால் பாட்டிலோடு நிறுத்துங்கள், பம்பை நிமிர்த்தியே வையுங்கள்.

தொட்டியின் அடியில் இருக்கும் டிரெயின் வால்வு சொட்டினால் என்ன செய்வது என்று இன்னொரு கேள்வி. கீழே பாத்திரம் வைத்து அதை முழுசாகத் திறந்து ஒன்றிரண்டு முறை வேகமாக ஓடவிடுங்கள், பல சமயம் வால்வு மூடி உட்காரும் இடத்தில் சிக்கிய மணல் துகள் அதோடு போய்விடும். அதற்கும் நிற்காவிட்டால்தான் தொட்டியைக் காலிசெய்து ரிங் மாற்ற வேண்டும். சிறிய விமானத்தின் டிரெயின் வால்வுக்கு இதையெல்லாம் செய்யாதீர்கள், உரிமம் உள்ள மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.