ஏற்காட்டு டூரும் அஜைல் பயிற்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துச் சாஃப்ட்வேர் கம்பெனிகளில் ஒரு புராஜெக்ட் தடுமாற ஆரம்பித்தால் முதலில் வருகிற யோசனை, "எல்லாரையும் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போவோம்" என்பதுதான். சனிக்கிழமை காலை வேன் கிளம்பும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுவதற்குள் சிலருக்குத் தலை சுற்றிவிடும். மேலே ஹோட்டல் ஹாலில் பலூன் உடைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து, குரூப் போட்டோ எடுத்து இறங்கிவிடுவார்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அதே டிக்கெட் (ஒரு வேலைக்கான குறிப்பு) அதே டெஸ்டிங்கில் அப்படியே கிடக்கும்.

ஊர் சுற்றுவதில் தப்பே இல்லை, அதை அஜைல் பயிற்சிக் கணக்கில் (அஜைல் என்றால் வேலையைச் சின்னச் சின்னதாக முடித்துக் கொடுத்து, திருத்திக்கொண்டே போகும் முறை) எழுதுவதுதான் தப்பு. அதுவும் வார லீவைப் பிடுங்கி நடத்தினால், விளையாட்டு தொடங்கும் முன்பே பாதிப் பேரின் மனசு வீட்டுக்குப் போய்விடும். பயிற்சியை வேலை நேரத்தில் வையுங்கள், வேலையில் உறுத்துகிற ஏதாவது ஒன்றுக்காக வையுங்கள்.

நல்ல விளையாட்டைக்கூடப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். நாணய விளையாட்டைப் பாருங்கள். நாலு பேர், 20 நாணயம். முதல் ஆள் இருபதையும் ஒவ்வொன்றாகத் திருப்பி முடித்த பிறகே அடுத்தவரிடம் தள்ள வேண்டும். ஒரு நாணயத்துக்கு ஒரு நொடி என்றால், நாலாவது ஆள் முடிக்க 80 நொடி. அதுவரை வாடிக்கையாளர் கையில் ஒன்றும் வராது. ஐந்தைந்தாகத் தள்ளினால் மொத்தமே 35 நொடி, முதல் ஐந்து 20ஆவது நொடியில் வந்துவிடும். ஒவ்வொன்றாகத் தள்ளினால் 23 நொடி, முதல் நாணயம் நாலாவது நொடியிலேயே கிடைக்கும். யாரும் வேகத்தைக் கூட்டவில்லை, காத்துக் கிடந்த நேரம்தான் குறைந்தது.

எல்லாரும் கைதட்டி டீ குடிக்கப் போய்விடுவார்கள். அங்கேதான் நிறுத்தக் கூடாது. உடனே டிக்கெட்டெல்லாம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டும் நம் போர்டைத் திறந்து, டெஸ்டிங்குக்காக எத்தனை டிக்கெட் வரிசையில் நிற்கிறது என்று எண்ண வேண்டும். நாலுக்கு மேல் சேர்ந்தால் டெவலப்பர் புதிதாக எதையும் எடுக்காமல் டெஸ்டிங்குக்குக் கை கொடுப்பது என்று அங்கேயே முடிவு செய்தால்தான் விளையாடியதற்குப் பலன்.

பிளானிங் போக்கரில் நடக்கிற கூத்து தனி. ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீமே எண் போட்டுக் கணிக்க, 2002இல் ஜேம்ஸ் கிரென்னிங் எழுதி வைத்த முறை இது. எல்லாரும் மதிப்பீட்டுச் சீட்டை ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். நம் ஊரில் சீனியர் அண்ணன் முதலில் "இது மூணுதான்" என்று சொல்லிவிடுவார், அப்புறம் எல்லார் சீட்டிலும் மூணுதான் இருக்கும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுகிற டீம் என்று வைத்துக்கொள்வோம். பழைய வெள்ளியைக் கழித்துக்கொள்ளும் வசதிக்கு ஆறு பேர் 3 போடுகிறார்கள், புதிதாகச் சேர்ந்த பெண் 13 போடுகிறாள். சராசரி நாலரைக்குப் பக்கம் வரும், அதை 5 என்று எழுதிவிட்டு நகர்வதுதான் இதில் பெரிய தவறு. அவள் வீட்டில் கொலுசுப் பட்டறை இருக்கலாம். பழைய கொலுசின் டச் (வெள்ளியின் தூய்மை) ஒன்றுபோல் இருக்காது, அதைப் பார்த்துக் கழிக்க வேண்டும், புதுசுக்குக் கூலியும் சேதாரமும் தனிக்கணக்கு என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரிந்திருக்கும். "நீ ஏன்மா பதிமூணு போட்டே?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவள் சொல்லி முடித்ததும் மறுபடி சீட்டுப் போட்டால் எண் தானாக மாறும்.

ரெட்ரோவிலும், அதாவது முடிந்த வேலையைத் திரும்பிப் பார்க்கிற கூட்டத்திலும், இதே வாய் மூடல்தான். 2001இல் வந்த அஜைல் அறிக்கையின் பன்னிரண்டு கொள்கைகளில் கடைசியே, டீம் அவ்வப்போது தன்னைத் தானே திரும்பிப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது. மேனேஜர் எதிரே உட்கார்ந்து "ஃப்ரீயா பேசுங்க" என்றால் யார் பேசுவார்? அடுத்த மாதம் அப்ரைசல் வேறு. முதல் பத்து நிமிடம் ஒருவரும் பேசாமல் சீட்டில் எழுதட்டும், எழுதியது யார் என்று கேட்காமல் படியுங்கள். ரிலீஸ் கெட்டதற்கு யார் காரணம் என்று தேட ஆரம்பித்தால் அடுத்த ரெட்ரோவில் "எல்லாம் ஓகே சார்" மட்டும்தான் வரும். அப்புறம், பத்துத் தீர்மானம் எழுதி ஒன்றையும் செய்யாமல் விடுவது. ஒன்றே ஒன்றை எடுத்து, பொறுப்பாளர் பெயர் போட்டு, அடுத்த ஸ்பிரின்ட் (சில வார வேலைச் சுற்று) போர்டில் டிக்கெட்டாகவே ஒட்டுங்கள். அடுத்த ரெட்ரோவை அந்த டிக்கெட்டிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு ஸ்பிரின்டில் முடித்த வேலைகளின் சீட்டு எண்களைக் கூட்டி, அந்தப் பாயின்ட்டை வைத்து டீம்களை ஒப்பிட்டு "அவங்க 40 பாயின்ட், நீங்க 25தானா?" என்று கேட்பது வீண். அடுத்த ஸ்பிரின்டில் இவர்களும் 40 காட்டுவார்கள், வேலை மட்டும் அதேதான் இருக்கும்.

டீம் தினமும் கூடுகிற ஸ்டாண்ட்-அப் கூட்டம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 15 நிமிடம்தான் அதற்கு. நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்று ஒப்பிக்கிற மூன்று கேள்விகளை ஸ்க்ரம் என்ற அஜைல் முறையின் 2020 கையேடே எடுத்துவிட்டது, நாம்தான் இன்னும் விடவில்லை. ஆளுக்கு ஆள் கேட்காமல், முடியப்போகிற டிக்கெட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக "இது நகர என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். லீட் லீவு போட்ட அன்று ஸ்டாண்ட்-அப் நடக்கவே இல்லை என்றால், மற்ற நாட்களில் நடப்பது அவருக்கான ரிப்போர்ட்தான்.