மாரிஸ் மைனரில் ஏற்காடு வரை

எங்கள் 1954 மாரிஸ் மைனர், ஹுட்டை, அதாவது துணிக் கூரையை, மடக்கிவைக்கும் ஓப்பன் கார். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. இன்றும் தண்டையார்பேட்டை வீட்டு வாசலில்தான் நிற்கிறது. பழைய கார் கிளப் வண்டிகளோடு நாலு நாள் திருவண்ணாமலை, ஏற்காடு என்று முதல்முறை கிளம்புகிறவர்கள் என்னிடம் "இஞ்சின் தாங்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். 803 சிசி இஞ்சின் நிதானமாக ஓட்டினால் தாங்கும். நடுவழியில் நிறுத்துவது பெட்ரோலும் பிரேக்கும்தான்.

பெட்ரோலிலிருந்து தொடங்குங்கள். இப்போது பங்க்கில் பிடிப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறிக் கொழகொழத்து, உள்ளே உதிர்ந்து கார்புரேட்டரை அடைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாகப் பார்த்து, எல்லாவற்றையும் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு ஊருக்குள் நாலைந்து நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்பும் எஸ்.யூ. கம்பெனி எலெக்ட்ரிக் பம்ப். போன தடவை செஞ்சிக் கோட்டை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வண்டி ரெண்டு இழுப்பு இழுத்து நின்றுவிட்டது. வண்ணாரப்பேட்டை மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டேன். "யக்கா, சாவியப் போட்டா டிக் டிக்குனு சத்தம் வருதா?" வரவில்லை. "அப்ப பானெட்டத் தொறந்து, ஸ்பேனர் பிடியால பம்பு மேல மெதுவா ஒரு தட்டு தட்டுக்கா." தட்டினேன். டிக், டிக், டிக் என்று வேகமாக அடித்து, பெட்ரோல் நிரம்பியதும் தானே அடங்கியது. பம்புக்கு உள்ளே கரண்ட் தொட்டு விலகும் முனையான காண்டாக்ட் பாயின்ட் கருகியிருந்தது. அன்றிலிருந்து தேய்த்துச் சுத்தம் செய்யாமல் நான் கிளம்புவதில்லை. கூடவே ஸ்பேர் பாயின்ட் ஒரு செட் டூல் பையில் இருக்கும். டீக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது திணறினால் அது வேறு கதை, சூட்டில் பைப்புக்குள் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். பானெட்டைத் திறந்துவைத்து, பைப்பில் ஈரத்துணி சுற்றி, கால் மணி நேரம் பொறுங்கள்.

பிரேக் ஆயில் ஊற்றும் இடத்தைப் பலர் தேடுவார்கள். டிரைவர் காலடியில் கால்மிதியை விலக்கினால் தரையில் ஒரு மூடி இருக்கும். பிரேக் ஆயில் ஊற்ற வேண்டிய மாஸ்டர் சிலிண்டர் அதற்குக் கீழே. ஆயிலை மொத்தமாக மாற்றுங்கள். ஈரம் ஏறிய பழைய ஆயில் மலை இறக்கத்தில் கொதித்தால் பெடல் தரையோடு போகும். ஏற்காடு ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது செகண்ட் கியரிலேயே வாருங்கள். பிரேக்கை அழுத்திவிட்டு விடுங்கள், அழுத்திக்கொண்டே வராதீர்கள். ஓடும்போதே கியர் சுலபமாக விழ உதவும் சிங்க்ரோ முதல் கியருக்குக் கிடையாது, ஏற்றத்தில் வண்டி திணறி நிற்கும்வரை காத்திருக்காமல் முன்னதாகவே செகண்டுக்கு வந்துவிடுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியனுக்குக் கிரீஸ் அடிக்க மறக்கவே கூடாது. அது காய்ந்து தேய்ந்தால் ஓடுகிற வண்டியில் சக்கரம் மடங்கிவிடும்.

இந்த வண்டி பாசிட்டிவ் எர்த், இப்போதைய கார்களுக்கு நேர்மாறாகப் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். உதவி செய்ய வருகிறவர் பழக்க தோஷத்தில் ஜம்பர் வயரை மாற்றி மாட்டிவிடுவார். பேட்டரி மேலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். போன் சார்ஜரையும் இதில் மாட்ட வேண்டாம், பவர் பேங்க் போதும்.

ஹுட் விஷயத்தில் நான் கறார். காலை பத்து மணிக்கு மேல் ஹுட்டைப் போட்டு, பக்கக் கண்ணாடிகளை மட்டும் இறக்கி ஓட்டுவேன். நாலு மணிக்குப் பிறகுதான் திறப்பேன். நம் ஊர் வெயிலில் நாள் முழுக்கத் திறந்தபடி ஓட்டினால் இரண்டாம் நாளே ஆள் படுத்துவிடுவார். பின்பக்கம் பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தால், மடக்கும்போது நடுவில் பழைய பருத்தி வேட்டி ஒன்றை வையுங்கள், கீறல் விழாது. பனியில் நனைந்த ஹுட்டை மடக்கவே மடக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பயணம் வேண்டாம். பொங்கல் முடிந்து கிளம்புவது நல்லது.

எங்கள் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் விடியற்காலை நாலரைக்கே டி.எச். ரோட்டை (திருவொற்றியூர் நெடுஞ்சாலையை) தாண்டிவிட வேண்டும். நேரமானால் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் சிக்கி, முதல் பத்து கிலோமீட்டரிலேயே ரேடியேட்டர் சூடாகிவிடும். பக்கவாட்டில் எழும்பும் அந்தச் சின்ன இண்டிகேட்டர் கை லாரி டிரைவர் கண்ணில் படாது, கையையும் நீட்டிக் காட்டுங்கள். வண்டலூரில் எல்லோரும் சேர்ந்ததும் இருப்பதிலேயே மெதுவான வண்டியை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால் அது பழுதாகி நின்றது திண்டிவனத்தில் டிபன் சாப்பிடும்போதுதான் தெரியும்.

50 வருடம் தாண்டிய வண்டியை 2021-இல் வந்த விண்டேஜ் விதிப்படி பதிவு செய்திருந்தால், பேரணி, கண்காட்சி, பழுதுபார்ப்பு மாதிரி சில தேவைகளுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். கிளப் கொடுக்கும் பயணக் கடிதத்தை ஆர்.சி.யோடு வைத்திருங்கள்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாலு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தளர்த்தாமல் நகராதீர்கள். வீடு திரும்பியதும் ஹுட்டை நிழலில் விரித்துக் காயவைத்து, கம்பி மூட்டுகளில் தையல் மிஷின் எண்ணெய் சொட்டு விடுங்கள். காசிமேட்டு உப்புக்காற்று இரண்டே வாரத்தில் துருவேற்றிவிடும்.