மருத்துவ உளவியல் பிஎச்.டி.: ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்து விண்ணப்பிக்கும் முறை

அமெரிக்காவில் மருத்துவ உளவியல் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் ஒருவர், பெயரளவில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாலும், உண்மையில் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில்தான் இடம் கேட்கிறார். ஆய்வை வழிநடத்தும் அந்தப் பேராசிரியர், அதாவது நெறியாளர், பொதுவாக ஓர் ஆண்டில் ஒருவரையோ இருவரையோ சேர்த்துக்கொள்வார். சில ஆண்டுகளில் எவரையுமே சேர்க்கமாட்டார். நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் பலர் இடம் கிடைக்காமல் திரும்புவதற்கு, அவர்களுடைய ஆய்வு ஆர்வம் அந்த நெறியாளரின் பணியோடு ஒட்டாமல் நிற்பதே முக்கியக் காரணம்.

முதலில் எந்தப் பட்டம் என்பதை முடிவு செய்ய வேண்டும். ஆய்வும் சிகிச்சையும் இணைந்த பிஎச்.டி. பயிற்சிக்கு 1949ஆம் ஆண்டு போல்டர் மாநாடு வழிவகுத்தது. சிகிச்சைப் பணிக்கு முதன்மை தரும் சை.டி. பட்டத்துக்கு 1973ஆம் ஆண்டு வெய்ல் மாநாடு ஆதரவளித்தது. பிஎச்.டி. மாணவர்களுக்குக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் பெரும்பாலும் கிடைக்கும், சை.டி. மாணவர்களில் பலர் கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள். சிகிச்சை அளிப்பது மட்டுமே நோக்கம் என்றால், ஆலோசனை உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை முடித்து உரிமம் பெறுவது குறுகிய வழி என்பதைத் தயங்காமல் சொல்லலாம். எதைத் தேர்ந்தாலும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் உள்ளதா என்று பார்த்துவிட வேண்டும். உரிமம் பெறும்போது அது உதவும். அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு துறையும், படிப்பை முடிக்க ஆகும் காலம், கட்டணம், இடையில் விலகியோர், ஓராண்டு சிகிச்சைப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்) கிடைத்தவர்கள் ஆகிய விவரங்களை அட்டவணையாக வெளியிட்டாக வேண்டும். வண்ணப்படங்கள் நிறைந்த அறிமுகப் பக்கத்தைவிட அந்த அட்டவணையே துறையைப் பற்றி அதிகம் சொல்லும்.

அடுத்தது நெறியாளரைத் தேடுவது. இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். ஒருவர் பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைப் படித்துவிட்டு விண்ணப்பிப்பதில் பயனில்லை. அவருடைய ஆர்வம் இப்போது வேறு திசைக்குப் போயிருக்கலாம். கடந்த மூன்றாண்டுக் கட்டுரைகளையும், அவருடைய மாணவர்கள் முதல் ஆசிரியராக எழுதியவற்றையும் படிக்க வேண்டும். ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் 'ரிப்போர்ட்டர்' தளத்தில் அவர் பெயரைத் தேடினால், எந்த ஆய்வுக்கு நிதி உள்ளது, அது எப்போது முடிகிறது என்பவை தெரியும். வெளிநாட்டு மாணவர்கள் நிதி எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. அந்நிறுவனத்தின் பயிற்சி உதவிகள் பெரும்பாலும் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கே உரியவை.

செப்டம்பர் வாக்கில் அவருக்குச் சுருக்கமான மின்னஞ்சல் எழுதலாம். சாரம் இப்படி இருந்தால் போதும்: "பதின்பருவத்தினரின் தூக்கத்தையும் மறுநாள் மனநிலையையும் பற்றிய தங்கள் ஆய்வில், அலைபேசி வழியாக ஒரே நாளில் பலமுறை பதிவு கேட்டிருக்கிறீர்கள். நான் பணிபுரியும் ஆய்வுக்கூடத்திலும் அம்முறையையே கையாளுகிறோம். விடுபட்ட பதிவுகள் முடிவை எப்படி மாற்றுகின்றன என்பது என் கேள்வி. வரும் ஆண்டில் புதிய மாணவரைச் சேர்க்கும் எண்ணம் உண்டா?" மாணவர் சேர்க்கை பற்றி ஆய்வுக்கூடப் பக்கத்திலேயே அறிவித்திருந்தால், அதையே மீண்டும் கேட்டு எழுத வேண்டாம்.

இளங்கலை முடித்தவர்கள் பலர், ஓரிரு ஆண்டுகள் முழுநேர ஆய்வு உதவியாளராகப் பணியாற்றிய பிறகே விண்ணப்பிக்கிறார்கள். தரவைச் சீர்செய்தல், 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் பகுப்பாய்வு, பங்கேற்பாளரிடம் நேர்காணல் என எது தெரிந்திருந்தாலும் மதிப்புண்டு. எனினும் சொந்தக் கேள்வி ஒன்றை எழுப்பி, அதை மாநாட்டில் சுவரொட்டியாகவாவது முன்வைத்தவருக்கே கூடுதல் கவனம் கிடைக்கும்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்கக் கட்டுரையில்தான் பலர் சறுக்குகிறார்கள். "சிறுவயது முதலே பிறருக்கு உதவுவதில் எனக்கு விருப்பம்" என்ற வரியைத் தேர்வுக்குழு ஆண்டுதோறும் படித்துச் சலித்திருக்கும். "மனச்சோர்வு சிகிச்சையில் இடைநின்றவர்களின் தரவைச் சீர்செய்தபோது, பெரும்பாலோர் மூன்றாம் அமர்வுக்கு முன்பே விலகியிருந்ததைக் கண்டு, தொடக்க அமர்வுகளில் என்ன நிகழ்கிறது என்று ஆராயத் தொடங்கினேன்" என்று எழுதுபவரிடம் கேள்வியும் இருக்கிறது, செய்முறை அனுபவமும் இருக்கிறது. சொந்த மனநலப் போராட்டத்தை விரிவாக எழுதுவது விண்ணப்பத்தைப் பாதிக்கக்கூடும் என்று, சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம் கருத்துக் கேட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வு குறிப்பிட்டது. உளவியல் துறையிலேயே இப்படி இருப்பது முரண்தான்; ஆயினும் விண்ணப்பிப்பவர் அதை அறிந்தே எழுத வேண்டும். இறுதிப் பத்தியில் நெறியாளரின் பெயரையும், அவரோடு ஆராய விரும்பும் கேள்வியையும் எழுத வேண்டும்; ஆகவே அந்தப் பத்தி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் புதிதாக எழுதப்பட வேண்டியது.

பரிந்துரைக் கடிதங்கள் பொதுவாக மூன்று; அவற்றில் குறைந்தது இரண்டு, ஆய்வுப் பணியை நேரில் கண்டவர்களிடமிருந்து வரட்டும். மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.ஈ. பொதுத் தேர்வைப் பல துறைகள் 2020க்குப் பின் கைவிட்டுள்ளன. கேட்கும் துறைகளும் உண்டு.

கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் 1 அல்லது அதை ஒட்டி அமையும்; நேர்காணல்கள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நடக்கும். நேர்காணல் நாளில் அங்கே படிக்கும் மாணவர்களோடு பேசுவதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே என்பதை மறக்கலாகாது. வரைவைத் திருத்தித்தர நெறியாளர் எவ்வளவு காலம் எடுப்பார், கருத்து வேறுபாடு வந்தால் எப்படி நடந்துகொள்வார் என்பவற்றை அவர்களிடம்தான் கேட்க முடியும். முடிவைத் தெரிவிக்க ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு என்றாலும், வேண்டாம் என்று தீர்மானித்த இடத்தை உடனே விட்டுக்கொடுத்துவிட வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் உள்ள ஒருவருக்கு அந்த இடம் போகும்.