ஆம்பியன்ட் இசையைத் தனியாகச் செய்து பிழைப்பது எப்படி?

ஆம்பியன்ட் என்பது அறைக்குள் மெதுவாகப் பரவி நிற்கும் நீளமான சூழல் இசை. ஆனால் ஸ்பாட்டிஃபை ஆப்பில் ஒரு ட்ராக்கை 30 நொடி கேட்டால் ஒரு ப்ளே என்று கணக்கு. மூன்று நிமிடப் பாட்டுக்கும் ஒரு ப்ளேதான், நீங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த 25 நிமிட ட்ராக்குக்கும் ஒரு ப்ளேதான். போதாததற்கு 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 ப்ளேயைத் தொடாத ட்ராக்குக்கு அங்கே ரெக்கார்டிங் ராயல்டியே கிடையாது. இதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் நீளமான இசையை இரண்டு நிமிடத் துண்டுகளாக நறுக்கி, தூக்கத்துக்கான ப்ளேலிஸ்ட்டுகளைத் துரத்திக்கொண்டு போகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த இசைக்கு உயிரே அதன் நீளம்தான், அதை வெட்டிக் கிடைக்கும் சில்லறையைவிட நீளமான இசைக்குப் பணம் தருகிறவர்களைத் தேடிப் போவதுதான் தனி ஆளுக்குக் கட்டுப்படியாகும்.

முதலில் ஒலி. கடையில் விற்கும் லூப் பேக்கை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ரெடிமேட் இசைத் துண்டுகளை, வாங்கி அடுக்காதீர்கள். அதே லூப்பை வேறு யாராவதும் பயன்படுத்தியிருப்பார்கள், நாளைக்கு ஒரே ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் உங்கள் ட்ராக்குக்கே வேறொருவர் பெயரில் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். உங்கள் ஊர் ரயில் நிலையம், மழை, பழைய ஹார்மோனியத்தின் துருத்திச் சத்தம் என்று எதை வேண்டுமானாலும் போனிலோ சின்ன ரெக்கார்டரிலோ பதிவு செய்து, இலவசமாகக் கிடைக்கும் பால்ஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருளில் போட்டு இழுத்துப் பாருங்கள், சில நொடிச் சத்தம் பல நிமிடத் திரையாக விரியும். மேலே ரிவெர்ப், அதாவது பெரிய கூடத்தில் கேட்பது போன்ற எதிரொலி, வேண்டுமென்றால் வல்ஹல்லா சூப்பர்மாசிவ் என்ற ப்ளக்-இன் இலவசம்தான். ஆனால் ரிவெர்ப்புக்குப் போகும் ஒலியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனமான அடி ஒலியை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஐந்தாறு அடுக்கு சேர்ந்ததும் எல்லாம் சேறாகிவிடும்.

சோதிக்கும் முறை ரொம்ப எளிது. ஃபேன் ஓடும் அறையில் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள், அப்புறம் ஹெட்போனில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 1978-ல் பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் இந்த வகைக்கு ஆம்பியன்ட் என்று பெயர் வைத்தபோது சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: கவனிக்காமல் விட்டாலும் உறுத்தக் கூடாது, கவனித்தால் உள்ளே விஷயம் இருக்க வேண்டும். வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலித் திருத்தமான மாஸ்டரிங்கில் சத்தத்தை ஏற்றவே வேண்டாம். ஸ்பாட்டிஃபை எல்லாவற்றையும் சுமார் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது, சத்தத்தின் உச்சங்களை நசுக்கும் லிமிட்டரை அமுக்கினால் இழப்பு உங்களுக்குத்தான்.

சரி, பணம். கலிஃபோர்னியாவில் ராபர்ட் ரிச் என்ற இசையமைப்பாளர் 1982-ல் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போதே ராத்திரி முழுக்க நடக்கும் தூக்கக் கச்சேரிகளை ஆரம்பித்தார், வந்தவர்கள் படுத்துத் தூங்க அவர் விடியும்வரை வாசித்தார். ஒரு சிடியில் 80 நிமிடத்துக்கு மேல் அடங்காது என்பதால், அந்த அனுபவத்தை 2001-ல் ஏழு மணி நேர இசையாக டிவிடியில் வெளியிட்டார். நீளத்தைக் குறைக்காமல் அதற்கேற்ற வடிவத்தைத் தேடினார், அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அதே சமயம் அவர் ஆல்பத்தை மட்டும் நம்பியும் இருக்கவில்லை. மற்றவர்களின் ஆல்பங்களுக்கு மாஸ்டரிங், கருவிகளுக்கு ஒலி வடிவமைப்பு என்று அதே காதை வைத்துப் பல வேலை செய்தார். நீங்களும் ஒன்றிரண்டு பக்க வேலைகளை இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

ஆல்பத்தை விற்க, இசைஞர்கள் கேட்பவர்களுக்கு நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப் இன்னமும் நல்ல இடம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள், விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் அது 10 ஆகிறது, பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளிகளில், அதாவது அவர்கள் அறிவிக்கும் சில வெள்ளிக்கிழமைகளில், தங்கள் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள், புது வெளியீட்டை அந்த நாளில் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச விலை போட்டு, விரும்பினால் கூடுதலாகத் தரலாம் என்று விட்டுவிடுங்கள், இந்த இசையைக் கேட்கிறவர்கள் நிஜமாகவே கூடுதலாகத் தருவார்கள். பணம் பேபாலில் வரும், இந்தியாவில் அதற்கு பான் எண் வேண்டும். ஆயிரம் பேர் சும்மா கேட்பதைவிட ஐம்பது பேர் ஆல்பத்தை வாங்குவது வருமானத்தில் எவ்வளவோ மேல்.

ஸ்ட்ரீமிங்கையும் விட வேண்டாம், புதியவர்கள் உங்களைக் கண்டுபிடிக்கும் பெயர்ப்பலகையாக அது இருக்கட்டும். உங்கள் ட்ராக்கை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் யோசியுங்கள். வருடச் சந்தா வாங்குகிறவர்களிடம் சந்தா நின்றால் ட்ராக்கும் இறங்கிவிடலாம், சிடி பேபி மாதிரி ஒரே தடவை கட்டணம் வாங்குகிறவர்கள் வருமானத்தில் 9 சதவீதம் எடுத்தாலும் ட்ராக் அங்கேயே இருக்கும். ஆம்பியன்ட் ஆல்பம் வெளியான வாரத்தில் ஓடுவதில்லை, பல வருடம் மெதுவாக விற்கும். அதனால் என் ஓட்டு இரண்டாவதுக்கு.

நல்ல தொகை வருவது உரிமம் தருவதில்தான்: ஆவணப்படம், நடன நிகழ்ச்சி, மொபைல் கேம், அருங்காட்சியக அரங்கு. படம் எடுப்பவர்களுக்கு நீங்களே எழுதுங்கள், அவர்களுடைய முந்தைய வேலையைப் பார்த்துவிட்டு அதற்குப் பொருந்தும் ஒரே ஒரு ட்ராக்கின் இணைப்பை அனுப்பினால் போதும். ஒப்பந்தத்தில் எந்தப் படைப்புக்கு, எத்தனை வருடத்துக்கு, எந்த நாடுகளில் என்று மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பதிப்புரிமையை மொத்தமாக எழுதிக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இந்தியாவில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி இசையமைப்பாளரின் ராயல்டி பங்குக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள், அந்தப் பணத்தை வசூலித்துத் தருவது ஐபிஆர்எஸ் என்ற இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கம். அங்கே உறுப்பினராகி, ஒவ்வொரு படைப்பையும் வெளியிடும்போதே பதிவு செய்துவிடுங்கள். முன்பணமாகப் பாதியை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள், தனித்தனி அடுக்குகளின் கோப்புகளை மீதிப் பணம் வந்த பிறகு அனுப்புங்கள்.